ஒரு சொட்டு நீலம்

சங்ககிரியில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களிடமோ காருக்கு டிங்கரிங் பார்க்கிறவர்களிடமோ அங்கமுத்துவின் கண்ணைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதிக் கதைகள் அங்கமுத்துவே கிளப்பிவிட்டவை என்பது வேறு விஷயம். பவானி ரோட்டில் அன்பழகன் நடத்தும் பெயிண்ட் கடையில், அன்பழகனின் அப்பா காலத்திலிருந்தே கலர் கலக்குவது அவர் வேலை. அடிபட்ட காரின் பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினால் போதும். வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார். நாலு டப்பாவைத் திறந்து ஊற்றிக் குச்சியால் கலக்கி, அந்த மூடியின் ஓரத்திலேயே ஒரு பொட்டு வைப்பார். காய்ந்த பிறகு பொட்டு எங்கே இருக்கிறதென்று தடவித்தான் பார்க்க வேண்டும்.

"பொட்டைக் கண்டுபுடிச்சுட்டீங்கன்னா பெயிண்ட்டு சும்மா எடுத்துட்டுப் போங்க" என்பார். யாரும் சும்மா எடுத்துக்கொண்டு போனதாகத் தகவல் இல்லை. நல்ல மனிதர்தான். ஆனால் கலர் விஷயத்தில் யாராவது சந்தேகப்பட்டுவிட்டால் மட்டும் கோபம் மூக்குக்கு மேலே வந்து நிற்கும். "உங்கண்ணு கண்ணா, புண்ணா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க அந்த ஆளோடு பேசமாட்டார்.

அந்தக் கடைக்குத்தான் ஒரு மத்தியானம் பேங்க் செக்யூரிட்டி உடுப்போடு சிவக்குமார் வந்தார். கொஞ்சம் சில்வர் வேண்டும் என்றார். எவ்வளவு என்று அங்கமுத்து கேட்டார்.

"ஒரு பாலாடை அளவு இருந்தாப் போதுமுங்க."

"ஏனுங்க, லாரிக்காரங்க லிட்டர் கணக்குல கேப்பாங்க. நீங்க கொழந்தைக்குப் பொகட்டறாப்ல கேக்கறீங்களே!"

சிவக்குமார் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு, பழைய துண்டில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்துப் பிரித்தார். பிளாஸ்டிக்கில் ஒரு விமானம். ஒட்டுப் போட்ட இடமே தெரியாமல் தேய்த்து, இறக்கையின் தகட்டுக் கோடுகள் முடி கனத்தில் ஓட, அச்சு அசலாக இருந்தது. நிறம் மட்டும் இல்லை. ஆள் எடப்பாடிக்காரர். பதினெட்டு வயதில் விமானப்படையில் சேர்ந்து, விமானத்தின் உடம்புத் தகடுகளைப் பழுது பார்க்கும் பிட்டராக இருபது வருஷம் ஓட்டிவிட்டு வந்தவர். ஊரில் எல்லாரும் மிலிட்டரிக்காரர் என்பார்கள். அவரும் சளைக்காமல், "ஏர்ஃபோர்ஸுங்க" என்று திருத்துவார். யாரும் திருந்தவில்லை.

"பிரஷ்ஷுல பூசிப் பாத்தனுங்க. பாத்திரத்துக்கு ஈயம் பூசுன மாதிரி இருக்குது. நெசமான தகடு இப்படி இருக்காதுங்க" என்றார்.

அங்கமுத்து அந்தக் குட்டி விமானத்தை வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். லாரி லாரியாகக் கலர் கலந்த கைக்கு இப்படி ஒரு சின்ன வேலை வந்து வாய்க்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரு ஒப்பந்தம். சிவக்குமார் ஒட்டித் தேய்த்துக் கொடுப்பார், அங்கமுத்து அடிப்பார். பெயிண்டைப் புகையாகத் தெளிக்கிற ஸ்ப்ரே கன் ஒன்றை, பேனா அளவுக்குச் சின்னதாக, வாங்கினார்கள். அங்கமுத்துவின் வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒரு மூலை பட்டறை ஆனது. சில்வர் அடிப்பதற்கு முன்னால் விமானம் முழுக்கக் கண்ணாடி போல் கறுப்பு அடிக்க வேண்டும் என்பதை இரண்டு விமானங்களைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டார். கறுப்பில் ஒரு தூசி இருந்தாலும் மேலே வரும் வெள்ளி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கறுப்பின் மேல், மூச்சு விட்டதுபோல் மெலிசாகச் சில்வர். ஒரேயடியாக அடித்தால் அது பெயிண்ட். மூன்று நாலு தடவையாக, கை நிற்காமல் அடித்தால்தான் அது உலோகம்.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. நிஜ விமானத்தில் எல்லாத் தகடும் ஒரே நிறமில்லை என்று சிவக்குமார் சொல்லிக் கொடுத்தார். ஒன்று மங்கல், ஒன்று பளீர், வால் பக்கம் எஞ்சின் சூட்டில் வெந்து பழுப்பும் ஊதாவும் ஓடிக்கிடக்கும். ஒவ்வொரு தகட்டையும் டேப் ஒட்டித் தனித்தனியாக அடிக்க வேண்டும். இங்கேதான் அங்கமுத்துவின் கைப்பக்குவம். மங்கலுக்கு ஒரு சொட்டுக் கறுப்பு. பளீருக்கு ஒரு சொட்டு நீலம். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற கணக்குத்தான். ஒரு சொட்டுப் போட்டால் வேட்டி வெளுக்கும், கூடிப்போனால் வேட்டியே நீலமாகிவிடும். அங்கமுத்துவுக்கு அந்தக் கணக்கு விரல் நுனியில் இருந்தது.

கோயமுத்தூரில் இந்தப் பொம்மை விமானக்காரர்கள் வருஷத்துக்கொரு தடவை கூடுவார்கள். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய்வந்தார்கள். ஒரு வருஷம் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவர்களுடைய விமானத்தைச் சுற்றி நின்று, இது தகடா பிளாஸ்டிக்கா என்று கேட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அங்கமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. பவானி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். சிவக்குமார் ஜன்னலில் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

அதெல்லாம் நல்ல காலம். கெட்ட காலம் எப்போது ஆரம்பித்தது என்று அங்கமுத்துவுக்குச் சொல்லத் தெரியாது. அது சத்தம் போட்டுக்கொண்டு வரவில்லை.

முதலில் கடையில் புகார் வந்தது. வெள்ளைக் காருக்குக் கலந்து கொடுத்த பெயிண்ட் கதவில் மட்டும் தனியாகத் தெரிகிறது என்று ஒரு டிங்கர்காரன் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தான். அங்கமுத்து அவனைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார். பிறகு இன்னொருவன். பிறகு யாரும் வரவில்லை. அன்பழகன் ஒரு மிஷின் வாங்கினான். தகட்டின் மேல் வைத்து அழுத்தினால் கலரைப் படித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கையடக்கக் கருவி.

"அண்ணா, இனிமே நீங்க சிரமப்பட வேண்டாமுங்க. கல்லாவுல உக்காந்து பில்லுப் போட்டீங்கன்னாப் போதும்" என்றான்.

"ஏன் அன்பழகா, மிஷினுக்குக் கண்ணு இருக்குதா?"

அன்பழகன் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். புதுசு கண்டதும் பழசைத் தள்ளிவிடுகிறார்கள் என்று அங்கமுத்து வீட்டுக்கு வந்து பொருமினார். கோயமுத்தூர் கூட்டத்திலும் அந்த வருஷம் அவர்களுடைய மேசைப் பக்கம் ஆள் நிற்கவில்லை. பொறாமை என்று முடிவு கட்டினார். அவர் மனைவி வசந்தாமணி ஒரு நாள் மாடியில் துணி காயப் போட்டுவிட்டு வந்து, "அந்த நீல ஏரோப்பிளேனு மேல தண்ணி சொட்டியிருச்சு, தொடச்சு வெச்சிருக்கறேன்" என்றாள். நீலமாம்! அங்கமுத்து வாய்விட்டுச் சிரித்தார். சேலைக் கடையில் மயில் கழுத்துக்கும் கிளிப் பச்சைக்கும் வித்தியாசம் சொல்கிறவளுக்கு வெள்ளி தெரியவில்லை என்று அடுத்த நாள் சிவக்குமாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிவக்குமார் சிரிக்கவில்லை. "கண்ணை ஒருக்காக் காட்டிப்போடுங்களேன். என்ற அய்யனுக்கும் இந்த வயசுலதான் கண்ணுல பொரை உழுந்துச்சு" என்றார்.

"என்ற கண்ணைப் பத்திப் பேசாதீங்க மிலிட்டரி. வேற என்ன வேணாப் பேசுங்க."

அந்த முறை சிவக்குமார், ஏர்ஃபோர்ஸ் என்று திருத்தக்கூட இல்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் கண்ணைப் பற்றிப் பேச்சு எடுக்கவும் இல்லை.

அவருக்கே அப்போது உடம்பு சரியில்லாமல் போயிருந்தது. கால் வீங்கியது, முகம் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்விட்டதாக ஈரோட்டில் சொன்னார்கள். பேங்க் வேலையை விட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸுக்கு மனைவி சித்ரா அவரைப் பஸ்ஸில் கூட்டிப் போய்க் கூட்டி வந்தாள். எடப்பாடியில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி. தறிச் சத்தத்துக்கு நடுவே கட்டிலில் படுத்துக்கொண்டு, வீங்கின விரல்களால் அவர் ஒரு கடைசி விமானத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். இதுவரை செய்ததிலேயே பெரியது. ஒரு முழத்துக்கு மேல் நீளம்.

"இது எங்களுது. அஸ்ஸாம்ல நான் பாத்துக்கிட்ட மிக்கு" என்றார், அங்கமுத்து பார்க்கப் போயிருந்தபோது.

அது பெயிண்டே அடிக்காத வெறுந்தகட்டு மிக் போர் விமானமாம். ஒரு மழைக்காலத்தில் இடது இறக்கைக்கு அடியில் ஒரு தகடு நசுங்கிவிட, சிவக்குமார்தான் புதுத் தகடு வெட்டித் தறையாணி அடித்துப் பொருத்தினாராம். சுற்றிலும் இருப்பதெல்லாம் மழையும் வெயிலும் தின்று மங்கிப்போன தகடு. இது ஒன்று மட்டும் புது எவர்சில்வர் தட்டாகப் பளீரென்று வெளுத்திருந்ததாம். எந்த விமானம் திரும்பி வருகிறது என்று மற்றவர்கள் நம்பரைப் படித்துச் சொல்வதற்கு முன்னால், இறக்கைக்கு அடியில் மின்னும் அந்த வெள்ளையைப் பார்த்து அவர் சொல்லிவிடுவாராம். சிவக்குமாருக்குப் பிள்ளை இல்லை. அந்தத் தகட்டைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறும்.

"நூறு விமானம் வேண்டாமுங்க. இது ஒண்ணு போதும். அந்தத் தகடு வெள்ளையாத் தெரியோணும். அதை ஒருக்காப் பாத்துப்போட்டுப் போயிர்றேன்."

"போற பேச்செல்லாம் எதுக்குங்க, நான் அடிச்சுக் கொண்டாரேன்" என்றார் அங்கமுத்து.

அந்த விமானத்துக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைக்கு லீவு போட்டார். மாடியில் நாலு பக்கமும் ஈரச் சேலை கட்டித் தூசியைத் தடுத்தார். கறுப்பை இரண்டு தடவை தேய்த்து அழித்துத் திரும்ப அடித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தகட்டுக்கும் டேப் ஒட்டினார். ஆனால் சில்வர் என்னவோ அவர் நினைத்த மாதிரி வரவில்லை. எவ்வளவு நல்ல சில்வரை ஊற்றினாலும் டீ கொட்டிக் கழுவின மாதிரி ஒரு மஞ்சள் அதில் ஒட்டிக்கொண்டே இருந்தது. இப்போதெல்லாம் கம்பெனிக்காரனே கலப்படம் செய்கிறான் என்று திட்டிக்கொண்டு ஒரு சொட்டு நீலம் விட்டார். இன்னும் மஞ்சள். இன்னொரு சொட்டு. ஒருவழியாக வெளுத்தது.

கடைசியாக அந்தப் புதுத் தகடு. மற்ற எல்லாவற்றையும்விட அது வெளுப்பாக இருக்க வேண்டும். நண்பன் கேட்டதே அதுதான். அங்கமுத்து சொட்டு எண்ணி விட்டார், கலக்கிப் பார்த்தார், மறுபடியும் விட்டார். டேப்பைப் பிரித்தபோது அந்தத் தகடு, அவர் கண்ணுக்கு, வெண்மையோ வெண்மை. தன் ஆயுசில் அடித்ததிலேயே இதுதான் உசத்தி என்று நினைத்தார். போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

எடப்பாடிக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். சிவக்குமார் ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்திருந்தார். சித்ரா வாங்கி அவர் கையில் வைத்தாள். அவர் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது இறக்கைக்கு அடியில் விரலை வைத்தார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"என்ற தகடு தனியாத் தெரியுதுங்க அங்கமுத்து" என்றார்.

அங்கமுத்துவும் அழுதார். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் அழுவதைப் பார்க்க முடியாமலோ என்னவோ, சித்ரா காபி போட உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது சிவக்குமார் அவர் கையைப் பிடித்து, "கண்ணை மட்டும் ஒருக்காக் காட்டிப்போடுங்க. எனக்காவ" என்றார். சாகப்போகிறவர் சொல்கிறார் என்பதற்காக அங்கமுத்து தலையாட்டிவிட்டு வந்தார். காட்டவில்லை.

மாரியம்மன் பண்டிகைக்கு முன்னால் சிவக்குமார் போய்ச் சேர்ந்தார். அவர்கள் வழக்கம் புதைப்பது. ஆற்றோரத்து மயானத்தில் குழி தயாராக இருந்தது. இறந்தவருக்குப் பிரியமானதைக் கூட வைத்து அனுப்புவார்கள். வெற்றிலைப் பொட்டலம் வைப்பார்கள், பீடிக்கட்டு வைப்பார்கள். அங்கமுத்துவுக்கு அது தோன்றியது. தோன்றியதும் பிடித்துக்கொண்டார்.

"அம்மிணி, அந்த ஏரோப்பிளேன் அவருகூடவே போவட்டும்" என்று சித்ராவிடம் சொன்னார்.

சித்ரா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "ஆமாங்கண்ணா, அதுதான் சரி" என்று வீட்டுக்கு ஆள் அனுப்பி எடுத்துவரச் செய்தாள். அங்கமுத்துவே குனிந்து அதை நண்பனின் வலது கைப் பக்கம், இறக்கையின் அடித் தகடு மேலே தெரியும்படி மல்லாத்தி வைத்தார். மேலே உப்பும் விபூதியும் விழுந்தன. பிறகு மண்.

அதற்குப் பிறகு அங்கமுத்து அந்தக் கதையைச் சொல்லாத ஆளில்லை. டீக்கடையில் சொன்னார், கடைக்கு வந்த டிங்கர்களிடம் சொன்னார். சாகப்போகிற மனுஷன் கேட்ட ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன், அந்த நிம்மதி ஒன்று போதும் என்று முடிப்பார். கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிற வேலைகூட அப்போது அவருக்கு அவ்வளவு கசக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் எதிரே வந்த லாரியின் விளக்கு நாலாகப் பிரிந்து தெரிய, மொபெட்டோடு சாக்கடையில் விழுந்தார். முழங்கைத் தோல் பெயர்ந்ததோடு போயிற்று. வசந்தாமணி இனி ஒரு பேச்சும் கேட்கமாட்டேன் என்று சேலத்துக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை நன்றாகப் பழுத்துவிட்டது, பல வருஷமாக வளர்ந்து, பார்க்கிறதையெல்லாம் மஞ்சளாக்கியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். முதலில் வலது கண், சில வாரம் கழித்து இடது கண் என்று நாள் குறித்தார்கள். வலிக்கவே இல்லை. பல்லுப் பிடுங்குவதைவிட லேசாக முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாமே பளிச்சென்று இருந்தது. சுவர் சொட்டு நீலம் போட்ட வெள்ளை. வசந்தாமணியின் முகத்தில் இத்தனை சுருக்கம் எப்போது விழுந்தது என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. அப்புறம் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். அதில் வரிசையாக நின்ற விமானங்களில் பாதிக்கு மேல் நீலம். கடைசியாகச் செய்தவை கடும் நீலம். மாரியம்மன் கோயில் தேரோட்டத்தில் விற்கிற பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருந்தன.

ஆபரேஷன் செய்த புதிதில் எதைப் பார்த்தாலும் கொஞ்சம் நீலம் அடிக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அங்கமுத்து காத்திருந்தார். சொன்ன மாதிரியே ஆயிற்று. சுவரின் நீலம் போயிற்று, வேட்டியின் நீலம் போயிற்று, பாலின் நீலம் போயிற்று. அலமாரியில் நின்றவற்றின் நீலம் மட்டும் போகவில்லை.

வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். வெள்ளி. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார். நீலம். எத்தனை தடவை மாற்றிப் பார்த்தாலும் அதுவேதான்.

ஒரு விமானத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். அன்பழகன் தனியாக இருந்தான். "உன்ற மிஷினை இதும்மேல வெச்சுப் பாரு" என்றார். அன்பழகன் விமானத்தைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான்.

"எதுக்குங்கண்ணா..."

"வெச்சுப் பாருன்னா."

இறக்கையின் மேல் கருவியை வைத்து அழுத்தினான். கம்ப்யூட்டரில் வரிசையாக வந்த பெயர்களில் ஒன்றுகூடச் சில்வர் இல்லை. எல்லாம் மெட்டாலிக் புளூ. எந்த மிஷினுக்குக் கண் இருக்கிறதா என்று கேட்டாரோ, அதுவே இப்போது அங்கமுத்துவுக்குப் பதில் சொல்லிவிட்டது.

"முந்தியே சொல்லியிருக்கலாமில்ல அன்பழகா?"

"சொன்ன டிங்கருங்களை நீங்க என்ன பண்ணுனீங்கன்னு பாத்தனுங்களே" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

போனை எடுத்து, அந்தக் கடைசி விமானத்தின் போட்டோவைத் தேடிப் பிடித்தார். வலது கண்ணால் பார்த்தார். உடம்பு முழுக்க நீலம். இடது இறக்கைக்கு அடியில் அந்தப் புதுத் தகடு, எல்லாவற்றையும்விட வெளுப்பாக இருக்கட்டும் என்று சொட்டு எண்ணி எண்ணி விட்டாரே, அதுதான் எல்லாவற்றையும்விடக் கருநீலம். மையைக் கொட்டின மாதிரி இருந்தது.

அடுத்த நாள் எடப்பாடிக்குப் போனார். சித்ரா பக்கத்துத் தறிக்கூடத்துக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கண்ணில் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததுமே ராட்டையை நிறுத்திவிட்டாள். எதற்கு வந்திருக்கிறார் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அம்மிணி, அவரு பாத்தாரா? நீலமுன்னு அவருக்குத் தெரிஞ்சுச்சா?"

சித்ரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கெளம்பி அக்கட்டப் போனதும் ஜன்னல்ல புடிச்சு வெச்சு என்னையக் கூப்புட்டாருங்க. இது உனக்கு என்ன கலராத் தெரியுதுன்னு கேட்டாரு. நீலமுன்னேன். அப்ப என்ற கண்ணுல கோளாறு இல்ல, அங்கமுத்து கண்ணுலதான்னாரு. அப்புறம் ராத்திரி சோறு திங்கலீங்க."

"சொல்லியிருந்தா அழிச்சுப்போட்டுத் திருப்பி அடிச்சுக் குடுத்திருப்பனே!"

"நானும் அதைத்தான் சொன்னனுங்கண்ணா. அதுக்கு அவரு, 'கண்ணைச் செரி பண்ணீட்டுத்தான அடிக்கோணும், அதுக்குள்ள நான் இருக்கோணுமில்ல'ன்னாரு. 'அந்த மனுசனுக்குக் கண்ணுதான் சொத்து. நான் சொன்னாத் தாங்கமாட்டாரு. நான் இன்னும் கொஞ்ச நாளு, அவரு இருக்கோணுமில்ல'ன்னாரு." ராட்டையில் தொங்கிய நூலை எடுத்துச் சுற்றினாள். "நீங்க எப்பவாச்சும் ஆப்புரேசன் பண்ணீட்டீங்கன்னா இது உங்க கண்ணுல படக்கூடாது, எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிருன்னும் சொல்லீட்டாருங்க. எங்க ஒளிக்கறதுன்னு கெடந்தேன். நீங்களே குழியில வெக்கலாமுன்னீங்க."

தறிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். தகடு தனியாத் தெரியுதுங்க என்று சிவக்குமார் சொன்னது நினைவுக்கு வந்தது. வெள்ளையாகத் தெரிகிறது என்று அவர் சொல்லவே இல்லை. அந்த நேரத்திலும் ஒரு பொய் சொல்லாமல், நண்பனையும் நோகடிக்காமல், சொல்லக்கூடிய ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். கண்ணைக் காட்டுங்க என்று முதல் தடவை சொன்னபோதே போயிருந்தால், பல்லுப் பிடுங்குவதைவிட லேசான அந்த வேலையை அன்றைக்கே முடித்திருந்தால், அந்த மனிதர் கேட்ட ஒன்றைக் கண் குளிரப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். இவருடைய வீராப்பு அதைக் கெடுத்தது. இனி எந்தக் கொம்பனாலும் அதைத் திருத்த முடியாது. அந்த விமானம் மண்ணுக்கடியில் ஆறடி ஆழத்தில் நீலமாக மல்லாந்து கிடக்கிறது.

"அண்ணா, காபி குடிச்சுப்போட்டுப் போங்க" என்றாள் சித்ரா. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு டீக்கடையில் அவர் அந்தக் கதையைச் சொல்வதில்லை. யாராவது எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். அலமாரியின் விமானங்களை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினார். சின்ன ஸ்ப்ரே கன்னைத் தின்னரில் கழுவி, துடைத்து, யாருக்கு என்று தெரியாமலே டப்பாவில் வைத்து மூடினார்.

இடது கண்ணுக்குக் குறித்திருந்த நாள் வந்தது. வசந்தாமணி விடிந்ததுமே குளித்து, துணிமணியும் மருந்துச் சீட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாடிக்குப் போன மனிதர் இறங்கி வரவில்லை. அவள் ஏறிப் போய்ப் பார்த்தாள். தகரக் கூரைக்கு அடியில் முக்காலியில் உட்கார்ந்து, வலது கண்ணை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு, போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. என்ன பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க?"

"நான் வரல வசந்தா."

"ஏனுங்க? வலிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் கையை எடுக்காமலே பேசினார். அவருடைய பழுத்த கண்ணில் அந்த விமானம் வெள்ளியாக நின்றது. இறக்கைக்கு அடியில் அந்தத் தகடு மட்டும் வெள்ளையாக மின்னியது, சிவக்குமார் கேட்ட மாதிரியே.

"இந்தக் கண்ணையும் செரி பண்ணீட்டா, அந்தத் தகட்டை வெள்ளையாப் பாக்கறதுக்கு ஒரு கண்ணும் இருக்காது. அவருதான் பாக்கல. நானாச்சும் பாத்துக்கிட்டிருக்கறேன்."

வசந்தாமணி பையைக் கீழே வைத்துவிட்டு, ஈரச் சேலை கட்டியிருந்த கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அந்த மூலையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.